அன்னாசிச் சாதியின் பாகுபாடு: ஒரு வரலாற்று நோக்கு

தாவரங்களைப் பாகுபடுத்துதல் இயற்கையில் ஏலவே அமைந்துள்ள ஒழுங்கைக் கண்டறியும் முயற்சி என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின், மனிதர் நெடுங்காலம் பயிரிட்டு மாற்றியமைத்த தாவரங்களைப் பொறுத்தவரை இக்கருத்து முற்றிலும் பொருந்துவதன்று. அங்கு இயற்கையின் வரலாற்றோடு உழவரின் வரலாறும் பின்னிக் கிடக்கின்றது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, புரோமீலியாக் குடும்பத்தைச் சேர்ந்த அனனாஸ் என்னும் அன்னாசிச் சாதி இதற்குத் தக்க சான்றாகும்.

1493ஆம் ஆண்டு, கொலம்பஸின் இரண்டாம் பயணத்தின்போது, குவாதலூப் தீவில் ஐரோப்பியர் இக்கனியைக் கண்டனர். அதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே பழங்குடி உழவர் அதனைப் பெருங்கனியாக வளர்த்தெடுத்திருந்தனர். ஸ்பானியர் பைன் மரத்தின் கூம்பை ஒத்த தோற்றங் கண்டு அக்கூம்பின் பெயரையே அதற்குச் சூட்டினர். போர்த்துக்கேயரோ பிரேசிலின் துப்பி மக்கள் வழங்கிய சொல்லை ஏற்றனர். அவர்கள் வாயிலாகவே அச்சொல் தமிழிலும் சிங்களத்திலும் அன்னாசி என வேரூன்றியது.

அறிவியற் பெயரீடு வேறு வழியிற் சென்றது. 1753இல் லினேயஸ் இத்தாவரத்தைப் புரோமீலியா என்னும் சாதியுள் அடக்கினார். சுவீடன் நாட்டு மருத்துவர் புரோமீலியஸின் நினைவாகப் பிரெஞ்சுத் துறவி புளூமியே படைத்த பெயர் அது. மறு ஆண்டிலே இலண்டன் செல்சித் தோட்டத்தைப் பராமரித்த பிலிப் மில்லர் அனனாஸைத் தனிச் சாதியாக்கினார். புரோமீலியாவில் ஒவ்வொரு பூவும் தனித்தனிக் கனியாக முதிர்கின்றது. அன்னாசியிலோ பூக்களும் பூவடியிலைகளும் தண்டும் ஒன்றிணைந்து ஒரே கனியாகின்றன. ஆகவே மில்லரின் பிரிப்பு நிலைபெற்றது. இவ்வாறு துப்பி மக்களின் சொல் சாதிப் பெயராக மீண்டது. கொமோசஸ் என்னும் இனப்பெயரோ, இக்கனி பின்னர் சென்று சேர்ந்த அம்போன் தீவின் தாவரங்களை றம்பியஸ் விபரித்த நூலை ஆதாரமாகக் கொண்டு 1754இல் இடப்பட்டது. இரு பெயர்களையும் 1917இல் மெரில் இணைத்தார்.

இனி, இச்சாதியில் எத்தனை இனங்கள் உள்ளன என்பதே வினா. 1892இல் மெத்ஸ் ஒரே இனத்தையும் அதன் பேதங்களையுமே ஏற்றார். இருபதாம் நூற்றாண்டில் அவ்வினம் பலவாகப் பிரிந்தது. 1979இல் சிமித்தும் டவுன்சும் வெளியிட்ட பெருநூல் அன்னாசியை இரு சாதிகளாகவும் பல இனங்களாகவும் வகுத்தது. இலையின் முள், கனியின் பருமன் போன்ற பண்புகள் இன எல்லைகளாயின. அவ்வாறு இனமாக்கப்பட்டவற்றுள் ஒன்று, அமேசன் மக்கள் நாருக்காகப் பயிரிடும் முள்ளற்ற குராவா ஆகும். காட்டு அன்னாசியிலிருந்து அம்மக்களே தெரிந்தெடுத்து உருவாக்கிய பயிர் அது. அவர்களது கைத்திறன் ஏட்டில் இயற்கையின் படைப்பாகப் பதிவாயிற்று.

2003இல் கோப்பன்சும் லியாலும் இப்பாகுபாட்டை மீளாய்ந்தனர். அவ்வினங்களுள் பெரும்பாலானவை தம்முள் கலந்து வளமான வித்துத் தருவதை அவர்கள் சுட்டினர். எனவே அவற்றை ஒரே இனத்தின் ஐந்து பேதங்களாக ஒடுக்கினர். ஏனையவற்றின் 50 நிறமூர்த்தங்களுக்கு மாறாக 100 நிறமூர்த்தங்களைக் கொண்டதும் தலைக்குடுமி இல்லாததுமான மக்ரோடொந்தஸ் மட்டும் தனி இனமாயிற்று. குராவாவும் இப்போது ஒரு பேதமே.

இதனை வெறும் எண்ணிக்கை மாற்றமெனக் கொள்ளலாகாது. எழுத்தாவணம் எதனையும் விட்டுச் செல்லாத உழவரின் செயல், அவர்கள் உருவாக்கிய செடியிலேயே பதிந்துள்ளது. அதனைப் படிக்கத் தாவரவியலாளனின் கண் மட்டும் போதாது. வரலாற்று மாணவனின் கண்ணும் வேண்டும்.