வீட்டளவுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் மறுபயன்பாடும்: ஸ்ரீவராகம் முதல் புல்லுவிளை வரை

பாதாளச் சாக்கடைக் குழாய் எட்டாத வீடு, விடுதி, மருத்துவமனை போன்றவற்றின் கழிவுநீரை அந்த வளாகத்துக்குள்ளேயே தெளியவைத்து, முடிந்த அளவு அங்கேயே திரும்பப் பயன்படுத்துவது வீட்டளவுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. செப்டிக் டேங்க், உறிஞ்சுகுழி, இரட்டைக் குழிக் கழிப்பறை, உலர் கழிப்பறை, கல்வாழைப் படுகை எல்லாம் இதில் அடங்கும். எந்த முறை எங்கே பொருந்தும் என்பதை மண்ணும் நிலத்தடி நீரும்தான் முடிவு செய்கின்றன. திருவனந்தபுரத்தின் தென்பகுதியைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும்.

நிலமும் நீரும்

பத்மநாபசுவாமி கோயிலுக்குத் தெற்கே, லட்சுமி வராகர் கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் சுற்றி அமைந்தது ஸ்ரீவராகம். அங்கிருந்து கடலை நோக்கிப் போனால் முட்டத்தறை, அதையும் தாண்டினால் 1820களில் ராணி கௌரி பார்வதி பாய் காலத்தில் வெட்டப்பட்ட பார்வதி புத்தனாறு, பிறகு வலியதுறை. கடலை நெருங்க நெருங்க நிலம் தாழ்ந்து மணலாகிறது. ஆண்டுக்கு இரண்டு பருவமழை. மழைக்காலத்தில் கிணற்று நீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும் வீடுகள் உண்டு. கேரளத்தில் குழாய் வந்த பிறகும் வீட்டுக் கிணற்றை மூடுவதில்லை. குடிக்க அதைத்தான் நம்புகிறவர்கள் ஏராளம். ஆகவே ஒரே மனைக்குள் கிணறும் கழிவுத் தொட்டியும் இருந்தாக வேண்டும். எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நகரத்தின் ஏற்பாடு

1933இல் வில்லிங்டன் குடிநீர் நிலையம் திறக்கப்பட்டு அருவிக்கரை நீர் குழாயில் வரத் தொடங்கியது. நீர் குழாயில் வந்தால் கழிவும் குழாயில் போயாக வேண்டும். அடுத்து வந்த சாக்கடைத் திட்டத்தில், நகரக் கழிவுநீர் வலியதுறைப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அந்த நீரில் மாட்டுத் தீவனப் புல் வளர்த்தார்கள். மறுபயன்பாடு என்ற பேச்சு புழக்கத்துக்கு வருமுன்பே இந்த நகரம் அதைச் செய்திருக்கிறது; ஆனால் மக்கள்தொகை பெருகியதும் நிலம் ஏற்காத நீர் பார்வதி புத்தனாற்றில் கலந்தது. நாளுக்கு 10.7 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள முட்டத்தறைச் சுத்திகரிப்பு நிலையம் 2013இல்தான் இயங்கத் தொடங்கியது. இன்றும் நகரம் முழுவதும் சாக்கடைக் குழாய் இல்லை. குழாய் இல்லாத வீடுகளின் கசடு டேங்கர் லாரியில் அதே முட்டத்தறைக்கு வருகிறது. வழியில் ஏதாவது தோட்டிலோ வயலிலோ இரவில் திறந்துவிடும் லாரிகளைப் பற்றிய புகார் கேரளத்தில் பழையது.

செப்டிக் டேங்க் செய்வதும் செய்யாததும்

பிரான்சின் ழான்-லூயி மூராஸ் 1881இல் காப்புரிமை பெற்ற தொட்டியே செப்டிக் டேங்கின் முன்னோடி. 1890களில் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் டொனால்ட் கேமரன் அதை மேம்படுத்தி இன்றைய பெயரையும் வைத்தார். கனமானது அடியில் படியும். எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் படிந்ததில் ஒரு பங்கைச் செரிக்கும். அவ்வளவுதான். வெளியேறும் நீர் பார்வைக்குத் தெளிந்திருந்தாலும் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மீதி வேலையை உறிஞ்சுகுழியைச் சுற்றியுள்ள உலர்ந்த மண் செய்ய வேண்டும். குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே 2 மீட்டர் மண்ணாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். மழைக்காலத் தாழ்நிலத்தில் அந்த 2 மீட்டருக்கு எங்கே போவது?

கேரளக் கட்டட விதிகள் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் இடையே 7.5 மீட்டர் கேட்கின்றன. மூன்று சென்ட் மனை சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 11 மீட்டர். கிணறு ஒரு மூலையில், குழி எதிர்மூலையில் என்று வைத்தால் கணக்கு சரியாகிவிடும். மதிலுக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டுக் கிணறு 3 மீட்டரில் இருப்பது நம் வரைபடத்தில் வராது. தவிர, விதி பக்கவாட்டுத் தூரத்தைத்தான் அளக்கிறது. மழையில் மேலே ஏறிவரும் நீர்மட்டத்தை அது கண்டுகொள்வதில்லை.

புல்லுவிளைப் பரிசோதனை

இந்த நீர்மட்டச் சிக்கலுக்கு ஒரு விடை இதே கடற்கரையில் கிடைத்தது. விழிஞ்ஞத்துக்குத் தெற்கே உள்ள மீனவர் ஊரான புல்லுவிளையில் 1990களின் நடுவில் பிரிட்டிஷ் பொறியாளர் பால் கால்வெர்ட் உலர் கழிப்பறைகளைக் கட்டினார். நெருக்கமான வீடுகள், மணல், கிணறு: குழி தோண்டவே கூடாத இடம். அதனால் அவர் தோண்டவில்லை. தரைக்கு மேலே அடுத்தடுத்து இரண்டு அறைகள். அவற்றின் மேல்தளத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. இரண்டுக்கும் நடுவே கால் கழுவ ஒரு தொட்டி. மலம் மட்டுமே அறைக்குள் விழும். சிறுநீரும் கழுவிய நீரும் தனியே வெளியேறி, செடிகள் நட்ட சிறு பாத்திக்குப் போகும். ஒவ்வொரு முறையும் மேலே ஒரு கை சாம்பல். ஓர் அறை நிறைந்ததும் அதை மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்த வேண்டும். அது நிறைவதற்குள் முதல் அறையில் உள்ளது காய்ந்து மண் போலாகிவிடும்.

உலர் கழிப்பறைகளின் வெளிநாட்டு மாதிரிகள் காகிதம் பயன்படுத்துவோருக்கானவை. தண்ணீரால் கழுவும் நம் வழக்கத்தை மாற்றச் சொல்லாமல், அந்தத் தண்ணீருக்கு ஒரு தனிவழி போட்டதுதான் இதில் பெரிய காரியம். 20 முதல் 35 டிகிரி வெப்பமுள்ள இடங்களில் கழிவை ஓராண்டுக்கு மேல் மூடிவைத்த பிறகே உரமாக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதல். உருளைப்புழு முட்டைகள்தான் கடைசியாகச் சாகின்றன.

இதே முறை பின்னர் தமிழ்நாட்டுக்கும் வந்தது. திருச்சி மாவட்டம் முசிறியில் 'ஸ்கோப்' தொண்டு நிறுவனம் பொது உலர் கழிப்பறை கட்டி, பயன்படுத்துவோருக்குக் காசு கொடுத்தது; சேர்ந்த சிறுநீர் வாழைக்கு உரமாகச் சோதிக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் மராச்சி சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனாலும் வசதி வந்ததும் வீட்டுக்குள் ஃபிளஷ் கழிப்பறைதான் கேட்பார்கள். அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

படுகை முறை

ஃபிளஷ் வேண்டும், இடமும் கொஞ்சம் இருக்கிறது என்றால் புதுச்சேரி தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையும் ஆரோவில் குடியிருப்புகளும் காட்டும் வழி உண்டு. கழிவுநீர் முதலில் படிவுத் தொட்டிக்கும், பிறகு மேலும் கீழுமாகத் திருப்பிவிடும் தடுப்புச் சுவர்த் தொட்டிக்கும் போகிறது. அடுத்து செடி நட்ட ஜல்லிப் படுகை, கடைசியில் வெயில் படும் குளம். காற்றூட்டும் இயந்திரம் தேவையில்லை. தெளிந்த நீர் தோட்டத்துக்குப் போகிறது. நீர்மட்டம் உயர்ந்த ஊரில் தொட்டியும் படுகையும் அடியில் ஒழுகாமல் பூசப்பட வேண்டும். படுகையைத் தரைக்கு மேல் உயர்த்துவது நல்லது.

எவ்வளவு மிஞ்சும்?

ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர், அதில் 45 லிட்டர் கழிப்பறைக்கு என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. ஐந்து பேர் வீட்டில் கழிப்பறைக்குப் போவது 225 லிட்டர். கழிவாகத் திரும்புவது மொத்த நீரில் 80 சதவீதம் என்று வைத்தால், குளியலறை, சமையலறை, துணி துவைப்பு வழியாக 300 லிட்டருக்கு மேல் மிஞ்சும். இதைச் செப்டிக் டேங்கில் விடுவது தொட்டியை வீணாக நிரப்புவதே. எண்ணெய் வடிகட்டித் தொட்டி ஒன்று வைத்து, வாழைக்கும் தென்னைக்கும் அடிவேரில் விடலாம். ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாறும். கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்களுக்கும் விடக் கூடாது.

ஸ்ரீவராகம் போன்ற இடத்தில் சாக்கடைக் குழாய் தெருவில் இருந்தால் இணைப்பு எடுப்பதே சரி. இல்லையென்றால் அடி பூசிய தொட்டி, உயர்த்திய செடிப் படுகை, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுக்க அனுமதி பெற்ற லாரி. அடைப்பு எடுக்கப் பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஆளைத் தொட்டிக்குள் இறக்குவது, கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கிணற்று நீரை மழைக்கு முன்பும் பின்பும் கேரள நீர் ஆணையத்தின் ஆய்வகத்தில் கொடுத்து, ஈ-கோலி கிருமி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.