இசை இல்லாத இசைத்தட்டு

யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்த ஸஹாபாக்கள் பலர் ஷஹீதானதைத் தொடர்ந்து, அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் குர்ஆன் எழுத்து வடிவில் ஒன்றுதிரட்டப்பட்டது. ஆயினும் எழுத்து முழுமையாக ஏந்த இயலாத ஒன்று உண்டு: ஓதும் முறை. எங்கே நீட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதை ஆசிரியரின் வாயிலிருந்தே மாணவர் கேட்டுக் கற்கிறார்.

அவ்வோதலையும் தொகுத்துக் காக்க வேண்டும் என 1959இல் எகிப்தின் லபீப் அஸ்ஸயீத் முன்மொழிந்தார். காரீ மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ, ஹஃப்ஸ் முறையில், நிதானமான தர்தீலில் ஓதினார். 1961இல் அது இசைத்தட்டுகளாக வெளிவந்தது. குர்ஆன் முழுவதும் ஒலிப்பதிவாக வெளியானது அதுவே முதன்முறை. 1964இல் தொடங்கப்பட்ட கெய்ரோ குர்ஆன் வானொலி அதனை வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தது.

பெயர்தான் இசைத்தட்டு, அதில் இசைக்கருவி ஏதுமில்லை. ஹுஸரீயின் ஓதலில் குரலழகு பின்நிற்கிறது, வசனமே முன்நிற்கிறது.

முழுமையாகக் காக்கவென உருவான அத்தொகுப்பை இன்று நாம் கைப்பேசியில் துண்டு துண்டாகக் கேட்டு, பாதியில் நிறுத்திவிடுகிறோம். நாளுக்கு ஒரு ஜுஸ்வு என அமைதியாகச் செவிதாழ்த்தினால், அல்ஃபாத்திஹா முதல் அன்னாஸ் வரை 30 நாள்களில் நிறைவுறும். நம் பிள்ளைகளின் உச்சரிப்பும் சீர்பெறும், இன்ஷா அல்லாஹ்.