"சின்னக் கடைதானே, நம்மை யார் குறிவைப்பார்கள்?" - வர்த்தகர்கள் செய்யும் 5 இணையப் பாதுகாப்புத் தவறுகள்

உங்கள் குடும்பத்தில் யாராவது கடையோ சிறிய நிறுவனமோ நடத்துகிறார்களா? அப்படியென்றால் அதன் "ஐடி பிரிவு" அநேகமாக நீங்கள்தான்!

பிரிண்டர் ஓடவில்லை, மின்னஞ்சல் திறக்கவில்லை என்றால் முதல் அழைப்பு உங்களுக்குத்தான் வரும். "கொஞ்சம் வந்து பாரேன்..."

அடுத்த முறை போகும்போது இந்த ஐந்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

"நம்ம கடையில திருட என்ன இருக்கு?" என்று அவர்கள் கேட்கலாம். மோசடிக்காரர்கள் பெரிய நிறுவனங்களை மட்டும் தேடுவதில்லை. ஒரே மின்னஞ்சலை ஆயிரக்கணக்கானோருக்கு அனுப்பிவிட்டு, யார் சிக்குகிறார்கள் என்று காத்திருப்பார்கள்.

1. மின்னஞ்சலை நம்பிப் பணம் அனுப்புவது

2024 ஜூலையில் சிங்கப்பூரில் உள்ள ஒரு மூலப்பொருள் வர்த்தக நிறுவனத்துக்கு, அதன் விநியோகிப்பாளரிடமிருந்து வந்ததுபோல் ஒரு மின்னஞ்சல் வந்தது. பணத்தைத் திமோர் லெஸ்தேயில் உள்ள புதிய வங்கிக் கணக்குக்கு அனுப்பும்படி அதில் இருந்தது. மின்னஞ்சல் முகவரியில் எழுத்து மட்டும் லேசாக மாறியிருந்தது.

நிறுவனம் அனுப்பிய தொகை 42.3 மில்லியன் அமெரிக்க டாலர்! உண்மையான விநியோகிப்பாளர் "பணம் வரவில்லையே" என்று சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் 4 நாள் ஓடிவிட்டது.

என்ன செய்யலாம்? வங்கிக் கணக்கு மாறியதாகத் தகவல் வந்தால் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யுங்கள். மின்னஞ்சலில் உள்ள எண் வேண்டாம். ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணையே அழையுங்கள்.

2. எல்லாவற்றுக்கும் ஒரே மறைச்சொல்

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டு... பார்த்திருப்பீர்கள். மின்னஞ்சல், கணக்கு மென்பொருள், இன்ஸ்டகிராம் எல்லாவற்றுக்கும் அதே மறைச்சொல். போன வருடம் வேலையை விட்டுப் போனவருக்கும் அது தெரியும்.

என்ன செய்யலாம்? ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு கொடுங்கள். வேலையை விடும் அன்றே அதை மூடிவிடுங்கள். மறைச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பையும் போட்டுவையுங்கள். முதலில் மின்னஞ்சலுக்குப் போடுங்கள். அது போனால் மற்ற மறைச்சொற்களையும் அதைவைத்தே மாற்றிவிடலாம்.

3. "அப்புறம் அப்டேட் பண்ணிக்கலாம்"

2017 மே மாதம் 'வான்னாக்ரை' தாக்குதல் 150க்கும் மேற்பட்ட நாடுகளைப் பாதித்தது. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டுவிட்டது. புதுப்பிக்காத கணினிகள்தான் மாட்டிக்கொண்டன.

என்ன செய்யலாம்? தானாகப் புதுப்பிக்கும் வசதியை முடுக்கிவிடுங்கள். கடையில் ஓடுவது விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025உடன் முடிந்துவிட்டது.

4. ஒரே இடத்தில் எல்லாக் கோப்புகளும்

ரேன்சம்வேர் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். நகல் எடுத்துவைத்த ஹார்ட் டிஸ்க் எப்போதும் கணினியோடு இணைந்திருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படலாம்.

என்ன செய்யலாம்? நகல் எடுத்ததும் கழற்றித் தனியாக வையுங்கள். அவ்வப்போது ஒரு கோப்பைத் திறந்து, நகல் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

5. தேவையில்லாத விவரங்களைச் சேர்ப்பது

அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு எதற்கு அடையாள அட்டை எண்? 2019 செப்டம்பரிலிருந்து, சட்டம் கேட்டாலோ ஒருவரின் அடையாளத்தைத் துல்லியமாக உறுதிசெய்யத் தேவைப்பட்டாலோ தவிர, நிறுவனங்கள் பொதுவாக அந்த எண்ணைச் சேகரிக்கக்கூடாது.

500 அல்லது அதற்கு மேற்பட்டோரின் தனிப்பட்ட விவரங்கள் கசிந்தால், அதை உறுதிசெய்த 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்கவேண்டும்.

என்ன செய்யலாம்? தேவைப்படாத விவரத்தைக் கேட்காதீர்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். உங்களிடம் இல்லாத விவரம் கசியாது!

சிக்கிவிட்டால்?

பணம் போயிருந்தால் உடனே வங்கியை அழையுங்கள், காவல்துறையில் புகார் கொடுங்கள். மோசடியா என்று சந்தேகமா? 1799 என்ற எண்ணில் கேட்கலாம். பாதிக்கப்பட்ட கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள்.

இன்னொன்று: தவறான இணைப்பைத் தட்டிய ஊழியரை ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்து அவர் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரருக்கு லாபம்.

அந்த 42.3 மில்லியன் டாலர் என்ன ஆனது? நிறுவனம் 23 ஜூலை புகார் கொடுத்தது. சிங்கப்பூர்க் காவல்துறை இன்டர்போல் மூலம் உதவி கேட்டது. இரண்டே நாளில் 39 மில்லியன் டாலர் தடுத்துவைக்கப்பட்டது. பிறகு மேலும் 2 மில்லியனுக்கும் அதிகமான தொகை மீட்கப்பட்டது.

தெரிந்தவுடன் சொன்னதுதான் பெரும்பகுதிப் பணத்தைக் காப்பாற்றியது. இந்த வாரம் கடைக்குப் போகும்போது அதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.