மித்தி நதி: ஒரு வரலாற்று நோக்கு

ஆறு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மிற் பலருடைய உள்ளத்தில் எழுவன பொருநையும் காவிரியுமே. மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் நமக்கருகிலேயும் ஓர் ஆறு ஓடுகிறது என்றால், நம் சிறுவர் நகைக்கின்றனர். "அது சாக்கடை அன்றோ?" என்பது அவர்தம் வினா. மித்தி என்னும் பெயர் இனியது எனப் பொருள்படும். அப்பெயர் தாங்கிய நீர் இந்நிலை எய்திய வரலாறு நாம் அறியத்தக்கது. அதில் நம்மவர் பங்கும் உண்டு.

விகார், பொவாய் ஏரிகளின் மிகைநீர் ஒன்றுகூடி, சாக்கிநாகா, குர்லா, காலினா வழியாக ஏறத்தாழ 18 கிலோமீட்டர் சென்று, தாராவியை ஒட்டி மாகிம் கழிமுகத்தில் கடலொடு கலக்கிறது. ஏரி வழிந்தால்தான் ஆறு என்பது இன்றைய நிலை; பண்டு அவ்வாறன்று. ஆற்றை மறித்தே விகார் ஏரி கட்டப்பட்டது. பம்பாயின் நீர்ப்பஞ்சம் தீர்க்க எழுந்த அவ்வணை 1860 இல் முடிந்தது. நகரம் முதன்முதலாகக் குழாய்நீர் கண்டதும் அதனாலேயே. ஆகவே, மித்தி முதலில் இழந்தது தூய்மையையன்று, தன் நீரையே. பின்னர் 1891 இல் அமைந்த பொவாய் ஏரியின் நீரோ பருகுவதற்கு ஏற்றதன்று எனக் கைவிடப்பட்டது!

தலையில் நீர் குறைந்ததற்கு முன்பே வாயும் குறுகத் தொடங்கிவிட்டது. 1845 இல் மாகிம் கரைச்சாலை திறக்கப்பட்டது. அதற்குமுன் படகேறியே கழியைக் கடக்க வேண்டும். படகுகள் கவிழ்ந்து மாண்டோர் பலர். ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் அவர்களின் துணைவியார் ஆவாபாய் அம்மையார் பெரும்பொருள் ஈந்து அமைத்த சாலை அது. அவ்வறத்தைக் குறைகூற எவருக்கு மனம் வரும்? ஆயினும் அலை ஏறி இறங்கும் வழி ஒடுங்கியது, சேறு படிந்தது, தாராவிக் கோலி மீனவரின் வலைகள் வறண்டன.

அச்சேற்று நிலத்திற்றான் நம்மவர் வந்து சேர்ந்தனர். 1887 ஆம் ஆண்டளவில் அங்குத் தோல் பதனிடும் தொழில் தொடங்கியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் அதில் உழைத்து உயர்ந்தனர். சுண்ணாம்பும் உப்பும் தோற்கழிவும் கழியிற் கலந்தன என்பதை மறைத்துப் பயனில்லை. எனினும், நாற்றத் தொழில் நகர்க்கு ஆகாதென்று வடிகாலற்ற சதுப்பிற்கு அதனைத் தள்ளியவர் எவர் என்பதையும் உடன்கேட்டல் நேர்மையாகும்.

இருபதாம் நூற்றாண்டில் ஆறு பட்ட பாடு பெரிது. விமான நிலையத்தின் ஓடுபாதைக்காக அதன் போக்கு மடக்கப்பட்டது. ஓடும் நீர் சதுரக்கோணமாகத் திரும்புமோ? 1977 இற்குப் பின் பாந்த்ரா-குர்லா வளாகத்துக்கென, கண்டல் மரங்கள் செழித்திருந்த சதுப்பு மேடாக்கப்பட்டது. அவ்வளாகத்தின் பரப்பு ஏறத்தாழ 370 எக்டேர். வெள்ளம் தங்கிச் செல்லும் இடமே அதனுடன் போயிற்று. பட்டறைகளின் எண்ணெய்க் கசடும், மாட்டுத் தொழுவங்களின் சாணமும், மாடிவீடு குடிசை என்ற வேறுபாடின்றி எல்லா வீடுகளின் கழிவும் எஞ்சிய வாய்க்காலில் விழுந்தன.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. கொலாபாவில் பெய்தது 73 மில்லிமீட்டரே. கடலேற்றமும் சேர்ந்துகொள்ள, மித்தி குர்லாவையும் காலினாவையும் மூழ்கடித்தது. நகரில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அடுத்த மாதமே மித்தி வளர்ச்சி, பாதுகாப்பு ஆணையம் அமைந்தது. ஆறு அகலமும் ஆழமும் ஆக்கப்பட்டது, சுவர்கள் எழுந்தன. ஆனால், ஆக்கிரமிப்பு என்ற சொல் பெரிதும் கரையோரக் குடிசைகளைக் குறிக்கவே பயன்பட்டது. அக்குடிசைகள் ஆற்றை நெருக்கியது உண்மையே. ஓடுபாதையையும் கண்ணாடி மாளிகைகளையும் அச்சொல்லால் அழைப்பார் அரியர்.

ஒன்று கூறி முடிப்பேன். மழைக்காலத்தில் ஒருநாள், விகார் ஏரி நிரம்பி வழிகிறது என்னும் செய்தி வரும். குழாய்நீர்க்கு இவ்வாண்டு கவலையில்லை என்று நம் காலனி வீடுகளில் மகிழ்வோம். வழிந்த அந்நீர் இறங்கிவரும் குர்லாக் கரையிலோ, அன்றே அரிசிப் பானைகள் பரணுக்கு ஏறும்.