பிர்லா மாளிகையில் இரண்டு கேமராக்கள்

1948 ஜனவரி 30 அன்று டெல்லி பிர்லா மாளிகையில் இரண்டு புகைப்படக்காரர்கள் தனித்தனியே காந்தியைச் சந்தித்துவிட்டுத் திரும்பினார்கள். ஒருவர் அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழைச் சேர்ந்த மார்கரெட் பர்க்-ஒயிட். மற்றவர் பிரெஞ்சுக்காரர் ஆன்றி கார்த்தியே-ப்ரெஸோன். மாலையில் காந்தி சுடப்பட்ட செய்தி கேட்டு இருவரும் அதே வீட்டுக்கு ஓடிவந்தார்கள். உடல் கிடத்தப்பட்டிருந்த அறைக்குள் பர்க்-ஒயிட் படம் எடுத்தபோது ஃபிளாஷ் பளிச்சிட்டது. துக்கத்தில் இருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். ஃபிலிமைப் பறித்துக்கொண்டு அவரை வெளியே அனுப்பினார்கள். கார்த்தியே-ப்ரெஸோன் கையில் இருந்தது ஒரு சின்ன லைக்கா. வாசலில் நேரு ஏறி நின்று கூட்டத்துக்குச் சாவுச் செய்தியைச் சொல்லும் அந்தப் படத்தை, இருந்த விளக்கு வெளிச்சத்திலேயே எடுத்தார். படம் கலங்கலாக இருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது போதுமானதாகவே படுகிறது.

பர்க்-ஒயிட்டை நான் குறைத்துப் பேசவில்லை. ராட்டைக்கு அருகில் காந்தி அமர்ந்து படித்துக்கொண்டிருக்கும் படம் அவர் 1946-ல் புனேயில் எடுத்தது. அதற்கு முன்னால் அவரையே நூற்கக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று ஃபிளாஷ் பல்புகளுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. முதல் இரண்டும் வீணாகி, மூன்றாவதில்தான் படம் விழுந்தது. அனுமதி கொடுத்து, உட்காரவைத்து எடுக்கச் சொல்லும் இடத்தில் பெரிய கேமரா நல்ல கேமரா. துக்க வீட்டிலும் கலவரத் தெருவிலும் சோதனைச்சாவடியிலும் அதே கேமரா நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். செய்திப் படம் எடுத்தே காலம் கழித்த எனக்கு, கேமராவின் வரலாற்றில் அந்த இரவைவிடப் பெரிய பாடம் வேறில்லை.

லைக்காவைச் செய்தவருக்குப் போர்க்களம் நினைப்பிலேயே இல்லை. ஜெர்மனியின் வெட்ஸ்லார் ஊரில், மைக்ராஸ்கோப் தயாரிக்கும் லைட்ஸ் நிறுவனத்தில் வேலைபார்த்தவர் ஓஸ்கர் பர்னாக். ஆஸ்துமாக்காரர். கண்ணாடித் தகடுகளையும் மரப்பெட்டியையும் சுமந்துகொண்டு வெளியே போய்ப் படமெடுக்க அவருடைய மூச்சு இடம் கொடுக்கவில்லை. சினிமா ஃபிலிமைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, 24-க்கு 36 மில்லிமீட்டர் அளவில் படம் விழும்படி, 1914 வாக்கில் ஒரு மாதிரி செய்துவைத்தார். 1925-ல் லைப்சிக் சந்தையில் அது விற்பனைக்கு வந்தது. ஒரு ரோலில் 36 படம். சட்டைப்பைக்குள் அடங்கும் உடம்பு.

மறைவாகப் படமெடுக்கும் கலை அந்த ஆண்டுகளிலேயே பெர்லினில் சூடுபிடித்துவிட்டது. எரிக் சாலமன் 1928-ல் நீதிமன்றத்துக்குள் எர்மனாக்ஸ் கேமராவைத் தொப்பிக்குள் ஒளித்துக் கொண்டுபோனார். அதன் லென்ஸ் அந்தக் காலத்துக்கு அசுர வேகம். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் கண்ணாடித் தகட்டை மாற்ற வேண்டும். பிறகு அவரும் லைக்காவுக்கு வந்தார். மந்திரிகளின் ரகசியக் கூட்டங்களுக்குள் புகுந்து, அவர்கள் கொட்டாவி விடுவதையும் தூங்கி வழிவதையும் உலகுக்குக் காட்டிய மனிதர் அவர். யூதர் என்பதற்காக 1944-ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

லைக்காவில் கண்ணாடி மேலே எழும்பி அடிக்கும் சத்தம் இல்லை. துணித் திரை நகரும் மெல்லிய ஒலி மட்டும்தான். பார்க்கும் ஜன்னல் ஓரத்தில் இருப்பதால் எடுப்பவரின் முகம் முழுதாக மறைவதில்லை. எதிரில் இருப்பவர் ஒரு மனித முகத்தைப் பார்க்க முடியும். இந்த இரண்டாவது குணத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முதன்மை. கார்த்தியே-ப்ரெஸோன் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு டேப்பால் மூடிவைத்தார். நானும் என் நிக்கான் எஃப்.எம்.2-வின் நெற்றியில் இருந்த வெள்ளை எழுத்தை எலக்ட்ரீஷியன்கள் சுற்றும் கறுப்பு டேப்பால் மூடினேன். பழையது, மலிவானது என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, அது தாங்க வேண்டும். அந்தச் சோதனை 1950-ல் கொரியாவில் நடந்தது. டோக்கியோவில் இருந்த ‘லைஃப்’ புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கனை, ஜூன் மிக்கி என்ற இளம் ஜப்பானியர் தன் நாட்டு நிக்கோர் லென்ஸில் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினார். ஜெர்மன் லென்ஸுக்கு மேல் எதுவும் இல்லை என்று உலகம் நம்பிய காலம் அது. டங்கன் அந்த லென்ஸ்களைத் தன் லைக்காவில் மாட்டிக்கொண்டு போருக்குப் போனார். அந்தக் குளிர்காலத்தில் சோசின் ஏரிப் பகுதியில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரியையும் தாண்டி இறங்கியது. அப்படிப்பட்ட குளிரில் ஷட்டருக்குள் இருக்கும் கிரீஸ் இறுகிவிடும், ஃபிலிம் நொறுங்கும், வேகமாகச் சுற்றினால் நிலைமின்சாரம் பொறிந்து படத்தில் கிளைகிளையாகக் கீறல் விழும். எந்தத் தொழிற்சாலையும் சொல்லாததை அந்தப் பனி சொல்லிக்கொடுத்தது.

எனக்கு அந்தக் குளிர் தெரியாது. நம் ஊர்ப் புழுக்கம் தெரியும். தொழில் பழகியபோது, ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ கறுப்பு வெள்ளை ரோல்தான் கைக்குக் கிடைத்தது. மழைக்காலத்தில் லென்ஸுக்குள் ஃபங்கஸ் வலை பின்னிவிடும். பழைய பிஸ்கட் டின்னில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, லென்ஸை உள்ளே வைத்து மூடிவைப்போம். கடற்கரையில் உப்புக்காற்று பட்ட கேமராவை அன்று இரவே ஈரத்துணியால் துடைத்தாக வேண்டும். மறுநாள் என்றால் தாமதம்.

ஈரத்துக்கென்றே பிறந்த கேமரா ஒன்று உண்டு. கடலடி ஆராய்ச்சியாளர் ஜாக் கூஸ்தோவுக்காக உருவான கலிப்ஸோ, 1963-ல் நிக்கானிடம் வந்து நிக்கோனோஸ் ஆனது. மூட்டுக்கு மூட்டு ரப்பர் வளையம். ஃபிலிம் போட லென்ஸைக் கழற்றி, உள்உடம்பையே நெம்பி வெளியே எடுக்க வேண்டும். தூரத்தைக் கண்ணால் கணித்துத்தான் ஃபோகஸ் வைக்க முடியும். மீன்களுக்காகச் செய்த அந்தக் கேமராவை வியட்நாமின் மழையிலும் சேற்றிலும் செய்தியாளர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். சேறு படிந்தால் தண்ணீரில் முக்கிக் கழுவிவிடலாம். இதைவிட நேர்மையான கேமராவை நான் கையில் எடுத்ததில்லை.

ஆனாலும் என்னோடு கடைசிவரை வந்தது 1982-ல் வெளிவந்த எஃப்.எம்.2. அதில் செல் போடுவது வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும். செல் தீர்ந்தாலும் நொடியில் 4,000-ல் ஒரு பங்கு வரை எல்லா வேகமும் ஓடும். அதற்காகவே டைட்டானியத் தகடுகளில் தேன்கூடு வடிவம் அரித்து எடை குறைத்திருந்தார்கள். மீட்டர் செத்தால் வெய்யிலில் அப்பர்ச்சர் 16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஏ.எஸ்.ஏ. எண். அவ்வளவுதான் கணக்கு. மின்சாரம் போய் மூன்று நாளான வெள்ளக்காட்டில் நின்றவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும். 1984-ல் பெஷாவர் அருகே அகதி முகாமில், பச்சைக் கண் ஆப்கன் சிறுமியை ஸ்டீவ் மக்கரி எடுத்ததும் இதே மாடலில்தான்.

அதே மக்கரி 1979-ல் போராளிகளோடு ஆப்கானிஸ்தானுக்குள் போய்த் திரும்பியபோது, ஃபிலிம் ரோல்களை உடைக்குள் தைத்துக்கொண்டு எல்லை தாண்டினார். கழுவாத ஃபிலிம் எதையும் சொல்லாது. காவலன் வெளிச்சத்தில் இழுத்தால் படம் போகும். ஆனால் அதில் இருந்தவர்கள் மாட்டமாட்டார்கள்.

2003 வாக்கில் மேக்னம் புகைப்பட நிறுவனத்தின் அலெக்ஸ் மயோலி உள்ளங்கை அளவு ஒலிம்பஸ் டிஜிட்டல் கேமராவோடு போர் நாடுகளுக்குப் போய், பெரிய கேமராக்காரர்களோடு சரிசமமாகப் படம் கொடுத்தார். சுற்றுலா வந்தவர் என்றே மக்கள் நினைத்தார்கள். இன்று அந்த இடம் ஃபோனுக்கு. எவர் கையிலும் இருப்பதால் எவரும் சந்தேகப்படுவதில்லை. மழையையும் ஓரளவு தாங்குகிறது. என் கவலை வேறு. சாவடியில் பிடுங்கினால், நம்மிடம் பேசியவர்களின் முகம், எண், போய்வந்த வழி எல்லாமே ஒரே கருவிக்குள் திறந்து கிடக்கும். தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னைக் கேட்டால், பேசுவதற்கு ஒரு ஃபோன், படத்துக்குத் தனியாக ஒரு சின்னக் கேமரா என்று பிரித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். தினமும் இரவு கார்டைக் கழற்றி வேறொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். காலையில் கிளம்பும்போது கேமராவில் காலி கார்டுதான் இருக்க வேண்டும்.