மலாய் நாட்டுப் புதுக்கோட்டை

புதுக்கோட்டைக்குப் போகலாமா? திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற நம்ம புதுக்கோட்டை இல்லை. இது தீபகற்ப மலேசியாவின் வடகிழக்கு மூலையில், தாய்லாந்து எல்லையை ஒட்டி இருக்கிறது. மலாய் மொழியில் 'கோத்தா' என்றால் கோட்டை. 'பாரு' என்றால் புதுசு. கோத்தா பாரு! கிளந்தான் மாநிலத்தின் தலைநகரம். இரண்டாம் சுல்தான் முகம்மது 1844-ல் உருவாக்கிய ஊர்.

மலேசியா போகிற நம்மாட்கள் பெரும்பாலும் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு, பத்துமலை முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கூடுதலாக இரண்டு நாள் கையில் இருந்தால் கோத்தா பாருவுக்கு ஒரு நடை வரலாம். அரண்மனை, அருங்காட்சியகம் எல்லாம் இங்கே உண்டு. ஆனால், ஊரின் உண்மையான சரித்திரம் மார்க்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது. பெயர், 'பாசார் சித்தி கதீஜா'. பாசார் என்றால் சந்தை. பாரசீகத்து 'பஜார்'தான் மலாயில் இப்படி ஆகிவிட்டது. 'சித்தி', பெண்களின் பெயருக்கு முன்னால் மரியாதையாகச் சேர்ப்பது. நம்ம சித்தி இல்லை!

உள்ளே நுழைந்தால், தரைத்தளம் முழுக்கக் காய்கறிக் குவியல். பச்சை மிளகாய், பாகற்காய், கட்டுக்கட்டாகக் கீரை, ஒரு பக்கம் மீன். மேலே ஏறினால் சாப்பாட்டுக் கடைகள், மசாலா, கருவாடு. இன்னும் மேலே போனால் பாத்திக் துணிகள். கொஞ்சம் நேரம் நின்று கவனித்தால் ஒரு விஷயம் உறைக்கும். விற்கிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே பெண்கள். தலையில் முக்காடு, கையில் தங்க வளையல்கள், காய்கறிகளுக்கு நடுவில் மேடை மேல் சப்பணம் போட்டு ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். வயதானவர் என்றால் 'மக் சிக்' என்று கூப்பிடவேண்டும். நம் ஊர் அத்தை, பெரியம்மா மாதிரி. கொஞ்சம் இளையவர் என்றால் 'காக்', அதாவது அக்கா.

பசிக்கிறதா? மாடிக்குப் போய் 'நாசி கெராபு' கேளுங்கள். நாசி என்றால் சோறு. தட்டில் வருவதோ நீல நிறச் சோறு! பயப்படவேண்டாம், சாயம் இல்லை. நம் வேலியோரம் பூக்கும் சங்குப்பூவின் நீலம்தான். அதன் மேல் பொடிப்பொடியாக நறுக்கிய பச்சிலைகள், வறுத்த தேங்காய், மீன் அல்லது கோழி. கூடவே 'பூடு'. பெயரைக் கேட்டு வெள்ளைப்பூண்டு என்று நினைத்துவிடாதீர்கள். நெத்திலி மீனை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து எடுக்கும் குழம்பு அது. முதல் நாள் வாடை ஆளைத் தூக்கும். மறுநாள் அது இல்லாமல் சாப்பாடு இறங்காது. காலை உணவு என்றால் 'நாசி டாகாங்'. தேங்காய்ப்பாலும் வெந்தயமும் சேர்த்து வேகவைத்த சோறு, சூரை மீன் குழம்போடு. 'டாகாங்' என்றால் வியாபாரம். வியாபாரச் சோறு! இந்த ஊருக்குப் பொருத்தமான பெயர்தான்.

சரி, பெண்கள் கையில் சந்தை வந்தது எப்படி?

ஆண்கள் கடலுக்கும் வயலுக்கும் போனார்கள். மீனையும் நெல்லையும் காசாக்குகிற வேலையைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். இது தென்கிழக்கு ஆசியா நெடுகப் பழைய பழக்கம். 1296-ல் அங்கோர் நகரத்துக்குப் போன சீனத் தூதுக்குழுவில் இருந்த சௌ தாகுவான், அங்கே வியாபாரம் செய்கிறவர்கள் பெண்கள்தான் என்று குறித்துவைத்திருக்கிறார். 1939-40ல் ரேமண்ட் ஃபிர்த், ரோஸ்மேரி ஃபிர்த் என்ற மானுடவியல் தம்பதி கிளந்தானின் மீனவ கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்தார்கள். கணவர் படகையும் வலையையும் எழுத, மனைவி அடுப்படிக் கணக்கை எழுதினார். வீட்டுப் பணம் பெண்களின் கையில் புழங்கியதை அவர் பதிவு செய்தார்.

இதற்கிடையே ஊருக்கு எஜமானர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். முதலில் சயாம் அரசனின் மேலாதிக்கம். 1909-ல் ஓர் ஒப்பந்தம் போட்டு பிரிட்டிஷ்காரன் வாங்கிக்கொண்டான். 1941 டிசம்பர் 8-ம் தேதி நள்ளிரவுக்குப் பின் ஜப்பானியப் படை மலாயாவில் முதலில் கால்வைத்தது இந்த ஊர்க் கடற்கரையில்தான். பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுவதற்குச் சற்று முன்பே! 1943-ல் ஜப்பான், கிளந்தானைத் தூக்கி தாய்லாந்துக்குக் கொடுத்தது. 1945-ல் திரும்பவும் பிரிட்டன். 1957-ல் சுதந்திரம். ஒரே ஆயுளில் ஒரு பாட்டி எத்தனை கொடி பார்த்திருப்பாள்? எந்தக் கொடி பறந்தாலும் ஜனங்களுக்குச் சோறு வேண்டும். யாராவது விற்கவேண்டும்.

உண்மையான சோதனை அதற்கப்புறம்தான் வந்தது. 1990-ல் 'பாஸ்' என்கிற இஸ்லாமியக் கட்சி கிளந்தானில் ஆட்சியைப் பிடித்தது. மந்திரி புசார், அதாவது முதலமைச்சர், மார்க்க அறிஞரான நிக் அஸீஸ். சூப்பர் மார்க்கெட்டில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை என்று உத்தரவு வந்தது. 'மாக் யோங்' என்று ஒரு பழைய நாட்டிய நாடகம். அதில் ராஜா வேஷத்தையே பெண்தான் கட்டுவாள். 1991-ல் அதற்குத் தடை விழுந்தது. (2005-ல் யுனெஸ்கோ அதே கலையை மனிதகுலத்தின் பொக்கிஷம் என்று அறிவித்தது. தடை தளர்ந்தது 2019-ல்தான், அதுவும் நிபந்தனைகளோடு.)

மேடையில் இருந்த பெண்ணை இறக்கியாயிற்று. சந்தையில் இருக்கிற பெண்ணை என்ன செய்வது? ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அடுப்பு எரிவது அவளால் அல்லவா!

நிக் அஸீஸ் அரசு அவளை எழுப்பவில்லை. மாறாக, 1980-களில் கட்டிய அந்த மார்க்கெட்டுக்கு கதீஜா அம்மையாரின் பெயரைச் சூட்டியது. நபிகள் நாயகத்தின் முதல் மனைவி. அதற்கு முன்பே மெக்காவில் பெரிய வணிகர். சிரியாவுக்குப் போன தன் சரக்குக்குப் பொறுப்பாளராக நபிகளை அமர்த்தியவரே அவர்தான். கடை விரித்திருக்கும் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய அனுமதிச் சீட்டு மார்க்கத்தில் வேறு ஏது?

இதை வைத்துக் கிளந்தானைப் பெண்களின் ராஜ்ஜியம் என்று நினைத்துவிடக் கூடாது. மாநிலத்தில் இன்றுவரை ஒரு பெண்கூட மந்திரி புசார் ஆனதில்லை. சந்தை அவர்களுடையது, சட்டம் போடும் நாற்காலி வேறு ஆட்களுடையது. சந்தையையாவது விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பிடிமானத்தின் ரகசியம் அவர்கள் கையிலேயே தெரிகிறது. வளையல்! அது அழகுக்கு மட்டும் இல்லை. மிச்சம் பிடித்த காசு தங்கமாகிறது. சரக்கு எடுக்கப் பணம் வேண்டுமென்றால் தங்கம் அடகுக் கடைக்குப் போகிறது. 1992-ல் 'அர் ரஹ்னு' என்ற வட்டியில்லா அடகுமுறையும் கிளந்தானுக்கு வந்துவிட்டது. நகையைப் பாதுகாக்க மட்டும் கட்டணம்.

அப்படிப் புரட்டும் பணத்துக்கு மக் சிக் சொல்லும் பெயர் 'மோடால்'. நம் வியாபாரிகள் கப்பலில் கொண்டுபோன 'முதல்'தான் அது. கடைக்கு அவர்கள் சொல்வது 'கெடாய்'. கடை, முதல்... ஒரு வியாபாரத்துக்கு வேண்டிய இரண்டு சொற்களும் நம்மிடமிருந்து போனவை. நம் ஊர்ச் சந்தைகளிலும் கூடை வைத்து விற்கும் பெண்கள் உண்டு. ஆனால், 'முதலாளி' என்று நாம் யாரைக் கூப்பிடுகிறோம்?