ஆரணி வட்டாரத்தில் தரிசு நிலம்: பசலிக் கணக்கும் செயற்கைக்கோள் வரைபடமும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தின் தரிசு நிலப் பரப்பு இருவகை ஆவணங்களில் பதிவாகியுள்ளது. ஒன்று, வருவாய்த்துறையின் கிராமக் கணக்கு. மற்றொன்று, 1986 முதல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உருவாக்கப்பட்ட தரிசு நில வரைபடம். இவ்விரண்டும் ‘தரிசு’ என்னும் ஒரே சொல்லால் வெவ்வேறு பொருள்களைக் குறிக்கின்றன. இவ்வேறுபாட்டின் வரலாற்றை ஆரணி வட்டாரத்தை முன்னிறுத்தி ஆராய்வதும், வரைபட எண்களை வரலாற்றுச் சான்றாகக் கையாளும் முறையைத் தெளிவுபடுத்துவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: தரிசு, புறம்போக்கு, பசலி, அடங்கல், தொலையுணர்தல், ஆரணி ஜாகீர்

முன்னுரை

நிலத்தின் தகுதியிழப்பு தமிழ் மரபுக்குப் புதிய கருத்தன்று. பாலை என்பது தனி நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு கெட்டு அடையும் நிலையே அது என்னும் கருத்து சிலப்பதிகாரத்தில் இடம்பெறுகிறது. கல்வியற்றவர்க்கு உவமையாக விளைச்சல் தராத களர் நிலத்தைத் திருக்குறள் (406) காட்டுகிறது. பாலையைப் பருவம் மாறினால் மீளக்கூடிய நிலையாகவும், களரை மண்ணின் குறையாகவும் இவை கொள்கின்றன. தற்காலிகமாக வறண்ட நிலத்தையும் நிலையாகக் கெட்ட நிலத்தையும் பிரித்தறிவது, இன்றைய தொலையுணர்வு ஆய்வாளர்க்கும் முதன்மையான சிக்கலாகவே உள்ளது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டு நெசவுக்கும் நெல் அரவைக்கும் பெயர்பெற்ற நகரம். ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் கலந்த அதன் சுற்றுப்புறச் சிற்றூர்கள் நீண்டகாலமாக ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றவை. 1973 முதல் பார்பரா ஹாரிஸ்-வைட் ஆரணியின் வணிகத்தையும் சுற்றியுள்ள ஊர்களின் பொருளாதாரத்தையும் தொடர்ந்து ஆராய்ந்துள்ளார். எஸ். ஜனகராஜனுடன் இணைந்து அவர் 2004-இல் வெளியிட்ட நூல் வட ஆர்க்காட்டு ஊர்களின் நீண்டகால மாற்றங்களைப் பதிவுசெய்கிறது. களச் சான்றுகள் இவ்வளவு கிடைக்கும் பகுதியாதலின், மேலிருந்து எடுக்கப்பட்ட படம் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்பதை ஆராய ஆரணி ஏற்ற இடமாகிறது.

வருவாய்க் கணக்கில் தரிசு

இரயத்துவாரி முறையில் நிலத்தின் வகை, வரியையும் உரிமையையும் பொறுத்து அமைந்தது. பட்டா நிலம், தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு என்னும் பகுப்பு இவ்வடிப்படையில் உருவானதே. புறம்போக்கு என்பது வரிக்கணக்கிற்குப் புறமானது எனப் பொருள்படும். ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் வெளி, மந்தை, சுடுகாடு ஆகியன இதனுள் அடங்கின. இவற்றில் எதுவும் பயனற்ற நிலமன்று. அரசுக்கு வருவாய் தராதது என்பதே இவற்றின் பொதுத்தன்மை.

ஆரணியின் வரலாறு இதில் சற்று வேறுபட்டது. பதினேழாம் நூற்றாண்டில் மராட்டியர் வழங்கிய ஜாகீராகத் தொடங்கிய ஆரணி, ஆங்கிலேயர் காலத்திலும் ஜாகீராகவே நீடித்தது. ஜாகீர் ஊர்களில் தரிசும் மேய்ச்சல் வெளியும் ஜாகீர்தாரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தன. 1948-ஆம் ஆண்டின் 26-ஆம் சட்டம் எஸ்டேட்டுகளை ஒழித்தபோது, பொது நிலங்கள், புறம்போக்கு, தரிசு, மேய்ச்சல் நிலம், ஏரிகள் ஆகியவை அரசைச் சேரும் என அதன் 3(ஆ) பிரிவு விதித்தது. இரயத்துவாரிப் பகுதிகளின் நீண்ட அளவைப் பதிவுகளோடு எஸ்டேட் ஊர்களின் பதிவுகளை ஒப்பிடும்போது இந்த இடைமாற்றத்தைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

தரிசு என்னும் வகைப்பாடு நிலமற்றோரின் வாழ்வோடு தொடர்புடையது என்பதற்கு 1892-ஆம் ஆண்டு நிகழ்வே சான்று. செங்கற்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலங்களை ஒதுக்கும் ஆணையைச் சென்னை அரசு அவ்வாண்டில் பிறப்பித்தது. பஞ்சமி நிலம் என இன்று அறியப்படுவது அதுவே. ஊரின் தரிசு தமக்கே உரியது என மிராசுதாரர் கோரிய சூழலில், ஒரு நிலத்தைத் தரிசு என எழுதுவதும் எழுதாமல் விடுவதும் யாருக்கு நிலம் கிடைக்கும் என்பதைத் தீர்மானித்தன.

விடுதலைக்குப் பின் நாடு முழுவதும் ஒன்பது வகை நிலப் பயன்பாட்டுப் பகுப்பு நடைமுறைக்கு வந்தது. இதில் தரிசு காலத்தால் அளக்கப்படுகிறது. நடப்பாண்டில் மட்டும் பயிரிடப்படாதது நடப்புத் தரிசு; ஓராண்டுக்கு மேல் ஐந்தாண்டு வரை கிடப்பது இதர தரிசு; ஐந்தாண்டுக்கு மேல் பயிர் காணாதது சாகுபடிக்கேற்ற தரிசு. இக்கணக்கை ஆண்டுதோறும் அடங்கல் பதிவேட்டில் எழுதும் பொறுப்பு கிராம நிர்வாக அலுவலருடையது. கணக்காண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும் பசலி.

வானிலிருந்து பார்த்த தரிசு

1972 ஜூலையில் அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட், நிலப்பரப்பைத் தொடர்ந்து படமெடுக்கும் காலத்தைத் தொடங்கிவைத்தது. இந்தியாவில் 1985-இல் தேசியத் தரிசு நில மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. தரிசு எங்கே, எவ்வளவு என்னும் வினாவுக்கு விடைகாண 1986-இல் ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு முகமையின் வாயிலாக 1:50,000 அளவில் வரைபடப் பணி தொடங்கியது. லேண்ட்சாட் படங்களோடு தொடங்கிய இப்பணி, 1988 மார்ச் 17-இல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ ஏவப்பட்டபின் இந்தியச் செயற்கைக்கோள்களின் படங்களையும் பயன்படுத்தியது. பசலி 1397 முடிவதற்குள் நிகழ்ந்த அவ்வேவல், கிராமக் கணக்குக்கு வெளியே இரண்டாவது பதிவேடு ஒன்றை நாட்டுக்குத் தந்தது எனலாம்.

படத்தின் நுண்மையை உள்ளூர் அளவைகளில் கூறின் அதன் வரம்பு புலப்படும். தொடக்ககால லேண்ட்சாட் படத்தின் ஒரு படப்புள்ளி ஏறத்தாழ 80 மீட்டர் பக்கமுடைய சதுரம். அது ஒன்றரை ஏக்கருக்கும் மேற்பட்டது. ஐ.ஆர்.எஸ்.-1ஏ-இன் லிஸ்-2 கருவியில் அது 36.25 மீட்டராகி ஏறத்தாழ 32 சென்ட் ஆயிற்று. 1995 டிசம்பரில் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1சி-இன் லிஸ்-3 கருவியில் 23.5 மீட்டராகி, 14 சென்டுக்குச் சற்றுக் குறைவாயிற்று. எனினும் 1:50,000 அளவில் வரைபடத்தின் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர். மூன்று மில்லிமீட்டர் சதுரத்தை வரையத்தக்க மிகச்சிறு அலகாகக் கொண்டால், அது 2.25 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ ஐந்தரை ஏக்கர். இதனினும் சிறிய தரிசு, அண்டை நிலத்தின் வகையில் கரைந்துவிடும்.

பசுமையை அளக்கும் முறை எளியது. செழித்த இலை சிவப்பொளியை உட்கொண்டு அண்மை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பியனுப்பும். இவ்விரண்டின் வேறுபாட்டை இவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பெறுவது தாவரக் குறியீட்டெண். ஆனால் இவ்வெண் பசுமையைச் சொல்லுமேயன்றிப் பயனைச் சொல்லாது. ஏரிப் புறம்போக்கில் படர்ந்த சீமைக் கருவேலமும் தோட்டப் பயிரும் அதில் நெருங்கிய மதிப்பைப் பெறக்கூடும். அறுவடை முடிந்த நன்செய், புதர்க்காடற்ற வறண்ட மேட்டுநிலத்தைப் போலத் தோன்றக்கூடும்.

இங்குப் பருவம் முதன்மை பெறுகிறது. இவ்வட்டாரத்தில் நெல் சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் பட்டங்களில் பயிரிடப்படுகிறது. ஏரியில் நீர் குறைந்த ஆண்டில் சம்பாவோடு சாகுபடி நின்றுவிடும். அந்நிலத்தைக் கோடையில் எடுத்த ஒரே படத்தைக் கொண்டு மதிப்பிட்டால் அது தரிசாகத் தோன்றும். 2005-06-ஆம் ஆண்டுக்கான வரைபடப் பணியில் மூன்று பருவங்களின் படங்களும் பயன்படுத்தப்பட்டமை இக்குறையைக் களையும் முயற்சியாகும்.

எண்களின் சரிவு

2000-ஆம் ஆண்டு வெளிவந்த இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பு, தமிழகத்தில் சுமார் 23,014 சதுர கிலோமீட்டர் தரிசு இருப்பதாகக் கணக்கிட்டது. இது மாநிலப் பரப்பில் 17.70 விழுக்காடு. 2003-ஆம் ஆண்டுப் படங்களின்படி அது 17,303 சதுர கிலோமீட்டராகவும் (13.30 விழுக்காடு), 2005-06-இல் 9,126 ஆகவும் (7.02 விழுக்காடு), 2008-09-இல் 8,722 ஆகவும் (6.71 விழுக்காடு) குறைந்தது.

இவ்வெண்களை மேலோட்டமாகப் படிப்பவர், பத்தாண்டுக்குள் தமிழகத் தரிசில் பாதிக்கு மேல் மீட்கப்பட்டது எனக் கருதக்கூடும். அவ்வாறு கொள்வதற்கு இடமில்லை. முதல் தொகுப்பு 13 வகைகளைக் கொண்டது. 2003-ஆம் ஆண்டுப் பணியில் அவை 28 ஆயின. 2005-06-இல் 23 ஆயின. கருவிகளின் நுண்மையும் படங்களின் பருவமும் உடன் மாறின. 2003-க்கும் 2005-06-க்கும் இடைப்பட்ட இரண்டு மூன்று ஆண்டுகளில் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சதுர கிலோமீட்டர் குறைந்துள்ளது. அதற்கடுத்த மூன்றாண்டுகளில், முறை மாறாதபோது, குறைவு நானூறு சதுர கிலோமீட்டர் அளவிலேயே நின்றது. நிலம் மாறும் வேகம் பின்னதற்கே நெருங்கியதாதல் வேண்டும். முன்னதன் பெரும்பகுதி அளவுகோலின் மாற்றம் எனக் கொள்வதே பொருந்தும்.

தேசிய அளவிலும் இதே நிலை காணப்படுகிறது. 2008-09-க்கு முதலில் 4.67 கோடி ஹெக்டேர் எனக் கூறப்பட்ட நாட்டின் தரிசு, 2019-இல் வெளிவந்த தொகுப்பில் 5.66 கோடி ஹெக்டேர் எனத் திருத்தப்பட்டது. ஜம்மு காஷ்மீரில் அதுவரை வரையப்படாதிருந்த பகுதிகள் சேர்க்கப்பட்டமையே காரணம். மாவட்ட அளவிலான ஒப்பீட்டில் எல்லை மாற்றமும் இடையூறாகும். 1986-இல் பணி தொடங்கியபோது ஆரணி வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989 செப்டம்பர் 30 முதல் அது திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது.

வரைபடத்தில் விழாத பயன்பாடு

தேசிய வாரியத்தின் வரையறைப்படி தரிசு என்பது, தக்க முயற்சியால் பசுமைப் போர்வை பெறக்கூடியதும், இப்போது போதிய பயன்பாடின்றிக் கிடப்பதுமான நிலம். ‘போதிய பயன்பாடு’ என்பதைப் படத்திலிருந்து மட்டும் அறியமுடியாது. ஆட்டு மந்தை மேயும் மேடும், விறகு சேகரிக்கும் புதரும் வரைபடத்தில் ‘புதர் நிலம்’ என்றே பதிவாகும். நெசவூர்களில் பாவு நீட்டிச் சரிசெய்வதற்கு நீண்ட திறந்தவெளி வேண்டும். நாளின் சில மணிநேரம் மட்டுமே பயன்படும் அவ்வெளி, எஞ்சிய நேரத்தில் வெற்றிடமே. மேலிருந்து பார்க்கும் கருவிக்கு மரமும் பயிரும் தெரியும். தறிக்குச் செல்லும் பாவு தெரியாது.

மறுபுறம், கணக்கில் பட்டா நிலமாகவே நீடித்துக்கொண்டு, கிணறு வற்றியதாலோ மனைப்பிரிவை எதிர்நோக்கியோ ஆண்டுக்கணக்கில் பயிரிடப்படாமல் கிடக்கும் நிலமும் உண்டு. உரிமையை முதன்மைப்படுத்தும் கணக்கு இதனைத் தனியார் நிலம் என்று கடந்துசெல்லும். நிலப்போர்வையை முதன்மைப்படுத்தும் வரைபடம் இதனைப் புதர் என்று காட்டும். இவ்விடத்தில் படமே உண்மைக்கு அருகில் நிற்கிறது. ஆகவே இரு சான்றுகளில் ஒன்றை மெய்யென்றும் மற்றதைப் பொய்யென்றும் கொள்ளுதல் பொருந்தாது.

அரசுத் திட்டங்களிலும் இவ்வேறுபாடு எதிரொலித்தது. நிலமற்ற ஏழைகளுக்கு இரண்டு ஏக்கர் வரை தரிசை மேம்படுத்தி வழங்கும் திட்டம் 2006 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. இரண்டு ஏக்கர் என்பது 0.81 ஹெக்டேர், மேற்கூறிய வரைபட அலகில் பாதிக்கும் குறைவு. அத்தகைய துண்டு நிலங்களை அ-பதிவேடும் நேரடித் தணிக்கையும் மட்டுமே இனங்காண வல்லன. 2021-22-இல் தொடங்கிய கலைஞரின் அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டமோ 10 முதல் 15 ஏக்கர் வரையிலான தரிசுத் தொகுப்புகளைத் தேடுகிறது. இவ்வளவு வரைபடத்தில் புலப்படும். ஆனால் அத்தொகுப்பில் மேய்ச்சலுக்கு வருவோர் யாவர் என்பதற்கு வரைபடத்தில் விடையில்லை.

முடிவுரை

ஆரணி வட்டாரத்தின் தரிசு வரலாற்றை எழுத முனைவோர் மூன்று நெறிகளைப் பின்பற்றுதல் நலம். முதலாவது, வெவ்வேறு முறைகளில் உருவான தொகுப்புகளின் எண்களை ஒரே வரிசையில் வைத்துப் போக்கினைக் கணிக்கலாகாது. பழைய படங்களை ஒரே வகைப்பாட்டில் மீள ஆராய்ந்த பின்னரே ஒப்பிடவேண்டும். இரண்டாவது, படத்தின் நாளை அதற்குரிய பசலியோடும் பட்டத்தோடும் பொருத்தி, அடங்கலுடன் புல எண்வாரியாக ஒத்துப்பார்க்கவேண்டும். மூன்றாவது, இரண்டும் முரண்படும் புலங்களைப் பிழையென ஒதுக்காமல் களத்திற்குச் சென்று விசாரிக்கவேண்டும். நிலத்தை யார் பயன்படுத்தினர், யாருக்கு அது மறுக்கப்பட்டது என்பதற்கான சான்று பெரும்பாலும் அம்முரண்களிலேயே கிடைக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரி தராத நிலம் தரிசெனப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பசுமை குறைந்த நிலம் தரிசெனப்பட்டது. இரண்டு காலங்களிலும் அந்நிலத்தை நம்பி வாழ்ந்தோர் வகைப்பாட்டை வகுத்தவர்களாக இல்லை. அவர்களின் பயன்பாட்டையும் ஒரு பதிவாகச் சேர்க்கும்போதுதான் தரிசு நில வரைபடம் முழுமையான வரலாற்று ஆவணமாகும்.